முளைவிடும் திங்கள்

1902ஆம் ஆண்டு, அக்டோபர் திங்கள் 5ஆம் நாள். பாரிஸ் மாநகரத்திலே ஒரு சவ ஊர்வலம். மோன்மார்த் இடுகாட்டை நோக்கி மெள்ள மெள்ள நகருகிறது. அமைச்சர் வந்திருக்கிறார், அறிஞர் பெருமக்கள் வந்திருக்கிறார்கள், மரியாதை செலுத்தப் பட்டாளத்தார் அணிவகுத்து நிற்கிறார்கள். அந்தப் பெருங்கூட்டத்துக்கு நடுவே ஒரு தனிக் கூட்டம். வடக்குச் சீமையிலிருந்து, தெனான் எனும் ஊரிலிருந்து வந்தவர்கள். பூமிக்கடியிலே புகுந்து நிலக்கரி வெட்டிப் பிழைப்பவர்கள். பட்டம் பெறாதோர், பதவி காணாதோர். நடக்கிறார்கள், நடக்கும்போதே முழங்குகிறார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி முழங்கவில்லை. வாழ்க என்று முழங்கவில்லை. ஒழிக என்றும் இல்லை. ஒரே ஒரு சொல். மீண்டும் மீண்டும் அந்த ஒரே சொல்.

ஜெர்மினல்! ஜெர்மினல்! ஜெர்மினல்!

அது ஒரு நாவலின் தலைப்பு. பெட்டிக்குள்ளே கிடந்தவர் எமிலி ஜோலா. அந்த நாவலை எழுதியவர்.

எழுதியவன் செத்தால் அவன் பெயரைச் சொல்லி அழுவார்கள், அறிவோம். அவனுடைய ஏட்டின் பெயரைச் சொல்லி ஊர்வலம் போனவர்களை எங்கே கண்டோம்? 1885இல் வெளிவந்த ஏட்டின் தலைப்பு, பதினேழே ஆண்டுகளில், எழுத்தாளனின் மேசையை விட்டு இறங்கி, கரி வெட்டும் தொழிலாளியின் தொண்டையிலே முழக்கமாக மாறிவிட்டது. எப்படி மாறிற்று? அந்தச் சொல் ஜோலாவுக்கு எங்கே கிடைத்தது? அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

தலைப்பு வைப்பது சின்ன வேலை என்று எண்ணுவோர் உண்டு. ஏடு முழுவதையும் எழுதி முடித்தவனுக்கு, மேலே நாலு எழுத்து வைக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள். அவர்கள் ஒரே ஓர் இரவு பத்திரிகைக் காரியாலயத்துக்கு வந்து பார்க்கட்டும்! செய்தி தயார், பக்கம் தயார், இயந்திரம் தயார்; தலைப்பு மட்டும் வரவில்லை. எதிரே வைத்த தேநீர் ஆறிப் போகும், எழுதி எழுதி அடித்த காகிதம் காலடியிலே குவியும். நாமும் பட்டிருக்கிறோம் அந்தப் பாட்டை. பொதுக்கூட்டத்துக்குச் சுவரொட்டி எழுதும் தோழரைக் கேளுங்கள், அவரும் சொல்லுவார். தலைப்பு தவறினால் பேச்சு எவ்வளவு சிறந்ததானாலும் மைதானம் நிரம்பாது. ஒரு நாள் கூட்டத்துக்கே இந்தப் பாடு என்றால், தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டிய ஏட்டுக்கு எவ்வளவு பாடு!

ஜோலா பட்டார் அந்தப் பாட்டை. பலமுறை பட்டார். அவர் வைத்த தலைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், அந்த மனிதர் வளர்ந்த வரலாறே நம் கண்முன் நிற்கிறது.

1840 ஏப்ரல் 2ஆம் நாள் பாரிசிலே பிறந்தார். தந்தை பிரான்செஸ்கோ ஜோலா, வெனிஸ் நகரிலே பிறந்த இத்தாலியர், பொறியாளர். தாய் பிரெஞ்சு மாது. தெற்கேயுள்ள ஏக்ஸ் நகருக்குத் தண்ணீர் கொண்டுவர அணையும் கால்வாயும் அமைக்கத் திட்டம் தீட்டினார் தந்தை. வேலை துவங்கியது, துவக்கியவர் 1847இல் மாண்டார். மகனுக்கு ஏழு வயது நிரம்பச் சில நாட்களே இருந்தன. ஊருக்குத் தண்ணீர் தர முனைந்தவரின் வீட்டிலே அடுப்பு அணைந்தது. வழக்கு மன்றம் ஏறி இறங்கினார் தாய். போன செல்வம் திரும்பவில்லை.

பிழைப்புத் தேடி, 1858இல் தாயும் மகனும் பாரிசிலே இருந்தனர். படித்துப் பட்டம் பெறுவான் பிள்ளை என்று எதிர்பார்த்தாள் தாய். 1859இல் தேர்வு எழுதினார் ஜோலா. தோற்றார். அதே ஆண்டு மறுபடி எழுதினார். மறுபடி தோற்றார். பின்னாளிலே உலகம் கொண்டாடிய எழுத்தாளர் பள்ளித் தேர்விலே இரண்டு முறை தோற்றவர் என்பதைத் தோழர்கள் நினைவிலே வைத்துக்கொள்ளலாம். தாளிலே விழுந்த மதிப்பெண்ணைக் கொண்டு ஆளை அளப்போருக்கு எடுத்துச் சொல்லவும் செய்யலாம்.

துறைமுகக் கிடங்கு அலுவலகத்திலே சிறிது காலம் எழுத்தர் வேலை. பிறகு வேலை இல்லை, வாடகை கொடுக்க வழி இல்லை, குளிர் காய விறகு இல்லை. 1862இல் ஹாஷெத் எனும் பெரிய புத்தக நிறுவனத்திலே ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை? புத்தகம் எழுதும் வேலையா? இல்லை, புத்தகங்களை மடித்துக் கட்டும் வேலை! பொட்டலம் கட்டும் அறையிலே நுழைந்தவர், உழைப்பால் உயர்ந்து, விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். எந்தப் பெயர் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மக்களைக் கூப்பிடுகிறது, எந்தப் பெயர் தூசு படிந்து தூங்குகிறது என்பதை அங்கே பார்த்தார். மற்ற எழுத்தாளர் தலைப்பை எழுதிப் பார்த்தனர். இவரோ, தலைப்பு விலைபோவதையும் விலைபோகாததையும் கண்ணால் கண்டவர். 1866இல் வேலையை விட்டார். இனிப் பேனாதான் பிழைப்பு என்று துணிந்தார்.

அடுத்த ஆண்டே ஒரு கதை. 1867இல் ஓர் இதழிலே தொடர்ந்து வந்தது. தலைப்பு, 'காதல் திருமணம்'. இனிப்பான பெயர். உள்ளே என்ன? கணவனைக் காதலன் ஆற்றிலே தள்ளிக் கொல்ல, அதற்கு உடந்தையாக இருந்து, அவனையே மணக்கிறாள் ஒருத்தி. மணந்த பிறகு, செத்தவனின் நினைவு இருவரையும் உயிரோடு தின்கிறது. பெயரிலே தேன், உள்ளே நஞ்சு! கேலிக்காக வைத்த பெயர்தான். ஆனால் அதே ஆண்டின் இறுதியில் ஏடாக வந்தபோது, அந்தப் பெயர் இல்லை. 'தெரேஸ் ராக்கான்' என்று அந்தப் பெண்ணின் பெயரே முகப்பிலே நின்றது. ஏளனத்தை நீக்கினார், ஆளை நிறுத்தினார். தலைப்பு கண் சிமிட்டக் கூடாது, கண்ணுக்கு நேரே பார்க்க வேண்டும் என்ற பாடத்தை இளமையிலேயே கற்றுக்கொண்டார் என்று நாம் கருதுகிறோம்.

பிறகு பெரியதோர் திட்டம் தீட்டினார். மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தை எடுத்துக்கொண்டு, ஒரே குடும்பத்தின் கிளைகளைத் தொடர்ந்து, மாளிகை முதல் மண் குடிசை வரை, சந்தை முதல் சாராயக் கடை வரை, ஒரு நாட்டையே படம் பிடிப்பது என்று. 1871இல் முதல் ஏடு, 1893இல் கடைசி ஏடு; மொத்தம் இருபது நாவல்கள்! இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு.

அந்த வரிசையிலே, 1877இல் ஏடாக வந்து நாட்டைக் குலுக்கியது ஒரு நாவல். பாரிஸ் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பிலே துணி வெளுத்துப் பிழைக்கும் ஜெர்வேஸ் எனும் பெண்ணின் கதை. உழைக்கிறாள், சிறுகச் சிறுகச் சேர்க்கிறாள், சொந்தக் கடை வைக்கிறாள். கணவன் கூரை வேய்பவன். வேலையின்போது கீழே விழுகிறான், காயம் ஆறுகிறது, வேலைக்குப் போகும் மனம் ஆறவில்லை. குடி குறுக்கே வருகிறது. அவனைத் தின்கிறது, பிறகு அவளையும் தின்கிறது. மாடிப்படிக்கடியிலே ஒரு பொந்திலே கிடந்து சாகிறாள் அந்த உழைப்பாளி.

முதலிலே ஜோலா தம் குறிப்பிலே எழுதி வைத்த தலைப்பு, ஜெர்வேஸ் என்பவளின் எளிய வாழ்க்கை என்ற பொருளுடையது. சாதுவான பெயர். அதை நீக்கிவிட்டு, 'அசொம்வார்' என்று வைத்தார். அது புலவர் வழக்கல்ல, தொழிலாளர் தெருவிலே புழங்கிய கொச்சைச் சொல். மட்டமான சாராயம் விற்கும் கடைக்கு அந்தப் பெயர். மண்டையிலே அடித்து ஆளை வீழ்த்தும் கருவி என்ற பொருளும் அதற்கு உண்டு. பாருங்கள் அந்த மாற்றத்தை! முதல் தலைப்பின்படி, கூண்டிலே நிற்பவள் ஜெர்வேஸ். அவள் வாழ்ந்த வாழ்வு, அவள் கெட்ட கேடு. இரண்டாம் தலைப்பின்படி, கூண்டிலே நிற்பது கடை! அடித்தவன் யார், அடிபட்டவள் யார் என்பதைத் தலைப்பே தீர்த்துச் சொல்லிவிட்டது.

ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. தொடர்கதையாக வந்தபோதே பாதியில் நிறுத்த நேர்ந்தது. வேறோர் இதழிலே எஞ்சிய பகுதி வந்தது. அசிங்கம் என்றனர் கனவான்கள். அதிலே வியப்பில்லை. ஆனால், தொழிலாளர் பக்கம் நின்று பேசியோரிலும் பலர் சினந்தனர். உழைப்பாளியைக் குடிகாரன் என்று ஊருக்குக் காட்டிவிட்டார் என்றனர். ஜோலா சமாதானம் சொன்னார்: தொழிலாளர் தீயோர் அல்லர், அறியாமையும், வதைக்கும் வேலையும், வறுமைச் சூழலும் அவர்களைக் கெடுக்கின்றன என்பதே ஏட்டின் கருத்து என்று விளக்கினார். விளக்கம் சரியானதுதான். என்றாலும் அந்தச் சினத்திலே நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். விழுந்தவனைக் காட்டினார் ஜோலா, உண்மையாகவே காட்டினார், எழுந்தவனைக் காட்டவில்லை. அடித்து வீழ்த்துவது எது என்பதற்குப் பெயர் கண்டுபிடித்தவர், வீழ்ந்தவனுக்குள்ளே எழத் துடிப்பது எது என்பதற்கு இன்னும் பெயர் கண்டுபிடிக்கவில்லை.

அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அறுநூறு மீட்டர் ஆழமும் தேவைப்பட்டது!

அந்த ஏடு கொடுத்த வருவாயிலே, 1878இல், பாரிசுக்கு அருகே மெதான் எனும் சிற்றூரிலே வீடு வாங்கினார் ஜோலா. பசித்துக் கிடந்தவருக்குப் பணம் வந்தது, புகழ் வந்தது. சாய்ந்துகொள்ள நாற்காலி வந்த பிறகு பலர் சாய்ந்துவிடுவார்கள். இவர் எழுந்தார்.

1884 பிப்ரவரி. வடக்கே, ஆன்சான் நிலக்கரிச் சுரங்கங்களிலே வேலைநிறுத்தம். ஆயிரமாயிரம் தொழிலாளர் கருவியைக் கீழே வைத்தனர். முதல் சில நாட்களுக்குள் ஜோலா அங்கே போய்ச் சேர்ந்தார். அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் செயலாளர் என்ற பெயரிலே உள்ளே புகுந்தார். தொழிலாளர் வீடுகளுக்குச் சென்றார். என்ன தின்கிறார்கள், எத்தனை பேர் ஒரே அறையிலே படுக்கிறார்கள், கூலி எவ்வளவு, அதிலே அபராதம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டார். கூட்டங்களிலே நின்று கேட்டார். பிறகு கூண்டிலே ஏறி, சுரங்கத்துக்குள் இறங்கினார். அறுநூறு மீட்டருக்கும் அதிகமான ஆழம். அடிக் கணக்கிலே ஏறத்தாழ இரண்டாயிரம்! மேலே இருக்கும்போது மூக்குக் கண்ணாடி அணிந்த பெரிய எழுத்தாளர். கீழே போனபின், இருட்டிலே குனிந்து, ஊர்ந்து, மூச்சு வாங்கும் ஓர் உடல், அவ்வளவுதான். சுமார் ஒரு வாரம் தங்கினார். குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு திரும்பினார்.

1884 ஏப்ரல் 2ஆம் நாள் எழுதத் தொடங்கினார். அன்று அவருக்கு நாற்பத்து நாலாவது பிறந்த நாள். ஆன்சான் வேலைநிறுத்தம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

கதை இருந்தது, களம் இருந்தது, பெயர்? ஏராளமான தலைப்புகளை எழுதி எழுதிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத் தாள்கள் பிரெஞ்சு தேசிய நூலகத்திலே காக்கப்பட்டிருப்பதால், அவர் வேண்டாமென்று ஒதுக்கியவை எவை என்பதும் நமக்குத் தெரிகிறது. ஆட்டம் காணும் மாளிகை என்றொரு பெயர். விரிசல் விடும் வீடு என்றொரு பெயர். எழும் புயல், நிலத்தடித் தீ, குந்தாலி அடி, முளைக்கும் விதை, இப்படிப் பல.

தோழர்களே, அந்தப் பட்டியலைச் சற்று நின்று பார்ப்போம். ஆட்டம் காணும் மாளிகை. யாருடைய மாளிகை? முதலாளியுடையது. விரிசல் விடும் வீடு. யாருடைய வீடு? அதுவும் அவனுடையதே! எழும் புயல். புயலைக் கண்டு அஞ்சுபவன் யார்? இழப்பதற்கு ஏதேனும் வைத்திருப்பவன். இந்தப் பெயர்களை வைத்திருந்தால் ஏடு விற்றிருக்கும். சீமான்கள் நெஞ்சிலே நடுக்கமும் ஏற்பட்டிருக்கும். ஆனால் அது, மாளிகை மாடியிலே நின்றுகொண்டு கீழே பார்க்கும் பார்வை. தொழிலாளி அங்கே ஆபத்தாகத் தெரிவான், ஆளாகத் தெரியமாட்டான்.

துன்பத்தையே பெயராக வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படி வைத்து வென்றவர் விக்டர் ஹ்யூகோ. அவருடைய பெருநாவலுக்கு முதலிலே வறுமைகள் என்ற பொருளுள்ள பெயர்தான் இருந்தது. 1862இல் வெளிவந்தபோது, வறியோர் என்று பொருள்படும்படி மாறிற்று. துயரத்தைச் சொன்ன பெயர், துயரப்படும் மனிதரைச் சொல்லும் பெயராயிற்று. தமிழ்நாட்டிலே 'ஏழை படும் பாடு' என்று அதை நாம் படித்தோம்; 1950இல் திரைப்படமாகவும் கண்டோம். உருக்கமான பெயர். ஆனால் ஜோலா எழுத முனைந்தது ஏழை படும் பாட்டை மட்டுமல்லவே! ஏழை பாடுபட்டு, பட்ட பாட்டைக் கேள்வியாக்கி, கேள்வியைப் போராட்டமாக்கி, போராட்டத்திலே தோற்று, தோற்ற பிறகும் தீராமல் எஞ்சி நிற்கும் ஒன்றைப் பற்றி. அதற்கு என்ன பெயர்?

ஒருநாள், தற்செயலாக, அந்தச் சொல் அவர் வாயிலே வந்தது. ஜெர்மினல்.

முடியாட்சியை ஒழித்த பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள், 1793இல் நாட்காட்டியையும் மாற்றினார்கள். புனிதர்களின் பெயரும் பேரரசர்களின் பெயரும் வேண்டாம், மண்ணும் மழையும் பனியும் காற்றும் அறிந்த பெயர்கள் போதும் என்று திங்கள்களுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். மார்ச் 21 வாக்கிலே பிறந்து ஏப்ரல் 19 வாக்கிலே முடியும் திங்களுக்கு ஜெர்மினல் என்று பெயர். முளைவிடும் திங்கள்! பனியிலே புதைந்து கிடந்த விதை, மண்ணைப் பிளந்து தலை நீட்டும் காலம். நெப்போலியன் முடி சூட்டிக்கொண்ட பிறகு அந்த நாட்காட்டியைத் தூக்கி எறிந்தான். 1806 ஜனவரி முதல் நாளோடு அது ஒழிந்தது. ஆனால் அந்தப் பெயரிலே வேறொரு நினைவும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1795இல், அந்தத் திங்களின் 12ஆம் நாள், பசி பொறுக்காத பாரிஸ் மக்கள், ரொட்டி எங்கே என்று கேட்டு, சட்டமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். ஆக, அந்த ஒரு சொல்லிலே இளவேனிலும் இருந்தது, பசியும் இருந்தது, புரட்சியும் இருந்தது.

அப்படிப்பட்ட சொல் கிடைத்ததும் துள்ளிக் குதித்தாரா ஜோலா? இல்லை. முதலிலே அவருக்கே அது பிடிக்கவில்லை. 1889இல் வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே இதை அவரே விளக்கியிருக்கிறார். புதிய மனிதர்கள் முட்டி மோதி மேலே வருவதை, தாம் அறிந்தும் அறியாமலும் தொழிலாளர் இருளிலிருந்து விடுபட முயலுவதைச் சொல்லும் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தாராம். இந்தச் சொல் வந்தபோது, இது மறைபொருளாக இருக்கிறதே, எளிதில் விளங்காதே என்று தயங்கினாராம். ஆனால் நாளாக ஆக அது மனத்திலே வேரூன்றிவிட்டது. வேறொன்றும் அதன் அருகே நிற்கவில்லை. படிப்போர் சிலருக்கு இருட்டாக இருந்தாலும் இருக்கட்டும், தமக்கு அது ஏடு முழுவதற்கும் ஒளி பாய்ச்சும் கதிரவன் போலாகிவிட்டது என்று சொல்லி முடித்தார்.

ஏட்டைத் திறந்தால், மார்ச் மாதத்துக் கும்மிருட்டு, குளிர் காற்று. வேலை தேடி வெட்டவெளியிலே நடந்து வருகிறான் எத்தியேன் எனும் இளைஞன். அவன் யார் தெரியுமா? சாராயக் கடையால் செத்தாளே ஜெர்வேஸ், அவள் பெற்ற மகன்! வீழ்ந்தவள் வயிற்றிலே பிறந்தவனைக் கொண்டுதான் எழுச்சியின் கதையைத் துவக்குகிறார் ஜோலா. பழைய ஏட்டுக்குப் புதிய ஏடு கொடுத்த மறுமொழி அது என்று நாம் சொல்லுவோம்.

உள்ளே வரும் பெயர்களையும் பாருங்கள். சுரங்கத்தின் பெயர் வோரூ. பிரெஞ்சுக் காதுக்குப் பெருந்தீனிக்காரன் என்பது போல ஒலிக்கும் பெயர். நாள்தோறும் மனிதரை விழுங்குகிறது, பொழுது சாய்ந்தால் கக்குகிறது. ஐம்பத்தெட்டு வயதுத் தொழிலாளி ஒருவர். ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயரின் பொருள், நல்ல சாவு. ஏன்? மூன்று முறை சுரங்கத்திலே அகப்பட்டுக் குற்றுயிராக வெளியே எடுக்கப்பட்டவர். மூன்று முறையும் சாகவில்லை. அந்தக் கேலிக்குள்ளே எவ்வளவு கண்ணீர்!

கூலியிலே கை வைக்கிறது கம்பெனி. வேலைநிறுத்தம் மூளுகிறது. பசி வருகிறது, பட்டாளம் வருகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. மாஹ்யூ எனும் உழைப்பாளி சுடப்பட்டுச் சாகிறான். வேலைநிறுத்தம் தோற்கிறது. சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுகிறது. அவன் மகள் காதரின் அந்த இருட்டிலே மடிகிறாள். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மாஹ்யூவின் மனைவி, வயிற்றுப் பாட்டுக்காக, அதே சுரங்கத்துக்குள் தானே இறங்குகிறாள்.

இதுதான் கதை. இதற்கா முளைவிடும் திங்கள் என்று பெயர்? இது பொய் அல்லவா? ஏமாற்று அல்லவா?

கேட்க வேண்டிய கேள்விதான் தோழர்களே! தோற்ற போராட்டத்துக்கு அழகான பெயர் சூட்டித் தொழிலாளியைத் தேற்றும் தந்திரக்காரர்களை நாம் அறிவோம். ஆனால் ஜோலா தோல்வியை மறைக்கவில்லை. ஒரு பிணத்தையும் எண்ணாமல் விடவில்லை. கடைசிப் பக்கத்திலே, ஏப்ரல் மாதத்துக் காலை வெயிலிலே ஊரை விட்டு நடக்கிறான் எத்தியேன். காலுக்கடியிலே, ஆழத்திலே, தோழர்கள் கரி வெட்டும் ஓசை கேட்பது போலிருக்கிறது. தோற்றுத் திரும்பியவர்கள்தாம் வெட்டுகிறார்கள். ஆனால் போராடாமல் இருந்த நாளிலே வெட்டியவர்கள் அல்லர் அவர்கள். ஒன்றாக நிற்கலாம் என்று கற்றவர்கள். எதிரே நிற்பவன் யார் என்று கண்டவர்கள். விதைத்தவன் அன்று மாலையே அறுவடைக்குப் போவதில்லை. விதைத்த வயலைப் பார்த்து வெறும் மண் என்று எவனும் சொல்லுவதும் இல்லை. அதைத்தான் அந்தத் தலைப்பு சொல்லுகிறது.

ஏட்டிலே மட்டுமா அப்படி? ஆன்சான் வேலைநிறுத்தம் 56 நாட்களுக்குப் பிறகு, 1884 ஏப்ரலிலே தோற்றது. கேட்டதைப் பெறாமலேயே தொழிலாளர் திரும்பினர். ஆனால் அவர்கள் வெளியே நின்ற அந்த நாட்களுக்குள்ளேயே, 1884 மார்ச் 21ஆம் நாள், பிரான்சு நாட்டிலே தொழிற்சங்கம் அமைப்பதைச் சட்டப்படி ஏற்கும் ஆணை பிறந்தது. மார்ச் 21! முளைவிடும் திங்கள் பிறக்கும் பொழுது!

1884 நவம்பரிலிருந்து தொடர்கதையாகவும், 1885 மார்ச்சிலே ஏடாகவும் வெளிவந்தது 'ஜெர்மினல்'. மேடை நாடகமாக்க முயன்றபோது, அதே 1885இல் அரசாங்கம் தடை போட்டது. விளங்காத தலைப்பு என்று எழுதியவரே அஞ்சினாரல்லவா? ஆளுவோருக்கு நன்றாக விளங்கிவிட்டது!

தலைப்புத் தேடி இவ்வளவு தவித்தவருக்கு, உலகப் புகழ் பெற்ற தலைப்பொன்றை வேறொருவர் வைத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆல்பிரெட் டிரைபஸ் எனும் யூத இராணுவ அதிகாரி, செய்யாத துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, கடல் கடந்த தீவிலே தனிமைச் சிறையிலே வாடினார். உண்மைக் குற்றவாளியை இராணுவ நீதிமன்றம் விடுதலை செய்தது. ஜோலா பேனாவை எடுத்தார். குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம். அவர் எழுதிய தலைப்பு, குடியரசுத் தலைவர் பெலிக்ஸ் போருக்குக் கடிதம் என்பதுதான். 'அரோர்' எனும் நாளேட்டின் காரியாலயத்துக்கு அது வந்தது. அங்கே ஆசிரியர் குழுவிலே இருந்த கிளெமென்சோ படித்தார். கடிதத்தின் இறுதிப் பகுதியிலே, ஒவ்வொரு வாக்கியமும் குற்றம் சாட்டுகிறேன் என்றே துவங்குவதைக் கண்டார். அதையே எடுத்து, பக்கத்தின் உச்சியிலே, பெரிய எழுத்திலே வைத்தார். 1898 ஜனவரி 13. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் பாரிஸ் தெருக்களிலே பறந்தன. தலைப்பு புதிதாகச் செய்யப்பட்டதல்ல, எழுத்துக்குள்ளேயே கிடந்தது. எடுத்து மேலே வைக்கக் கண் வேண்டியிருந்தது.

அந்தக் கடிதத்துக்காக வழக்கு, ஓராண்டுச் சிறை, மூவாயிரம் பிராங்கு அபராதம். இத்தாலியன் மகன், அந்நியன் என்று கூச்சல். 1898 ஜூலையிலே இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். 1899 ஜூனிலே திரும்பினார். 1902 செப்டம்பர் 29, தம் வீட்டிலே, அடுப்புப் புகைபோக்கி அடைபட்டு, நச்சுக் காற்றிலே மூச்சுத் திணறி இறந்தார். பகைவர் வேண்டுமென்றே அடைத்தனரோ என்ற ஐயம் இன்றளவும் தீரவில்லை. டிரைபஸ் குற்றமற்றவர் என்ற இறுதித் தீர்ப்பு 1906இல் வந்தபோது அதைக் கேட்க ஜோலா இல்லை. 1908 ஜூன் 4, அவருடைய உடல் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. ஹ்யூகோவும் அதே மண்டபத்திலேதான் துயிலுகிறார்.

அந்த மரியாதையை அரசாங்கம் செய்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, தெனான் தொழிலாளர் தங்கள் மரியாதையைச் செய்து முடித்துவிட்டனர்.

ஜோலா தொழிலாளியாகப் பிறந்தவரல்லர். வசதியாக வாழ்ந்து மறைந்தவர். ஒரு காலத்திலே உழைப்பாளியை இழிவுபடுத்தினார் என்ற பழியும் சுமந்தவர். ஆனாலும் கரி வெட்டியோர் அவர் பின்னே நடந்தார்கள். காரணம், 1877இல் தொழிலாளியை வீழ்த்துவதன் பெயரை ஏட்டின் முகப்பிலே பொறித்தவர், 1885இல் தொழிலாளிக்குள்ளே முளைப்பதன் பெயரைப் பொறித்தார். இரண்டும் உண்மை. முன்னதைக் கேட்ட தொழிலாளி தலை குனிந்தான் அல்லது சினந்தான். பின்னதைக் கேட்டவன் அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டான்.

ஆன்சானும் தெனானும் அடங்கிய அந்த வடக்குச் சீமையின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1990 டிசம்பரிலே மூடப்பட்டது. 2004இல் பிரான்சு நாட்டின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. கம்பெனி இல்லை, கூண்டு இல்லை, சங்கு ஊதுவதில்லை. அந்தச் சொல் இருக்கிறது.

அடுத்த முறை நம் தோழர்கள் ஒரு கூட்டத்துக்கு, ஒரு துண்டறிக்கைக்கு, ஒரு போராட்டத்துக்குப் பெயர் வைக்க உட்காரும்போது, ஆட்டம் காணும் மாளிகையைப் பற்றி எழுதத்தான் கை முதலிலே ஓடும். ஓடட்டும், எழுதட்டும். எழுதிய பிறகு அடித்துவிட்டு, இன்னொரு தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு, நம்மிடத்திலே முளைப்பது எது என்று ஒரு முறை யோசிக்கட்டும்.